பையன் "என்னால எதுவும் ஆகாது"ன்னு உக்காந்துட்டான், சின்னச் சின்ன வெற்றியெல்லாம் நிஜமாவே உதவுமா?

நீங்க எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன்ம்மா. பத்தாவது வரைக்கும் கிளாஸ்ல முதல் மூணு ரேங்க்குக்குள்ள வந்த பையன், இப்ப 19 வயசு, இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம், நாலு அரியர், ரூம் கதவ சாத்திக்கிட்டு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கேம், கேட்டா "என்னால எதுவும் ஆகாதும்மா, விடு"ங்கறான். உங்க அண்ணி எங்கயோ கேட்டுட்டு வந்து "தினமும் சின்னதா ஏதாவது ஒண்ணுல ஜெயிக்க வை, சரியாயிருவான்"னு சொல்லியிருக்காங்க. இது உண்மையா இல்ல வாட்ஸ்அப் தத்துவமா, இதுதான உங்க கேள்வி.

உண்மைதான். ஆனா அண்ணி சொன்ன மாதிரி "ஜெயிக்க வைக்க" முடியாது, அங்கதான் பாதி பேரு கோட்ட விடுறாங்க, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

நான் டாக்டர் கிடையாது. ஐ.டி.ஐ.ல பிட்டர் ட்ரேட், அதான் இரும்பத் தேச்சுப் பொருத்துற தொழில், சொல்லிக் குடுக்குற இன்ஸ்ட்ரக்டரா 20 வருஷத்துக்கு மேல இருந்தவன், பசங்கள பாத்துப் பாத்து இந்த மனசு சமாச்சாரத்துல ஆர்வம் வந்து நடுவுல கவுன்சிலிங் டிப்ளமோ ஒண்ணும் முடிச்சேன். எங்ககிட்ட வர்ற பசங்கள்ல முக்கால்வாசி பேரு "இது உருப்படாது"ன்னு யாரோ ஒருத்தரு முத்திர குத்தி அனுப்புன பசங்க. பத்தாவதுல கணக்குல தட்டுத்தடுமாறி பாஸ் ஆனவன், பன்னெண்டாவது பாதியில நின்னவன், "மெக்கானிக் வேலைக்காவது போடா"ன்னு அப்பா தள்ளிவிட்டவன். முதல் வாரம் ஒருத்தனும் நிமிந்து பாக்க மாட்டான்.

அவனுங்களுக்கு நாங்க முதல்ல குடுக்குற வேல என்னன்னா, ஒரு இரும்பு பிளாட் துண்ட வைஸ்ல, அதான் பட்டறை இடுக்கியில, கவ்வ வச்சு பைல், அதாவது அரம் போட்டு மட்டமாக்கணும், அவ்வளவுதான். பாக்க சுலபமா இருக்கும். ஆனா புதுசா பைல் புடிக்கிறவனுக்கு கை ஊஞ்சல் மாதிரி ஆடும், முன்னாடி தள்ளும்போது முன் பக்கம் அமுங்கும், பின்னாடி இழுக்கும்போது பின் பக்கம் அமுங்கும், ரெண்டு ஓரமும் தேஞ்சு நடுவுல மேடா நிக்கும். துண்ட எடுத்து ட்ரை ஸ்கொயர், அதாவது மட்டமும் மூலையும் சரியான்னு பாக்குற எல் வடிவக் கருவி, அதோட பிளேட துண்டு மேல வச்சு ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா கண்ணுகிட்ட தூக்கிப் புடிச்சா, இடுக்குல வெளிச்சம் ஒழுகும். மறுபடி பைல். மறுபடி வெளிச்சம். கையில கொப்புளம் வந்து ஒடைஞ்சு, ரெண்டாவது நாளோ மூணாவது நாளோ, தூக்கிப் பாக்குறான், வெளிச்சம் தெரியல. இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடி வரைக்கும் இருட்டு. அந்த நேரத்துல பையன் மூஞ்சிய பாக்கணும் நீங்க. சிரிக்கக்கூட மாட்டான், திருப்பித் திருப்பி வச்சுப் பாப்பான், சந்தேகம் அவனுக்கு, நாமளா இத பண்ணோம்னு. அப்புறம் பக்கத்து வைஸ்காரன்கிட்ட "டேய் இங்க பாரு"ம்பான். நான் ஒரு வார்த்த பேசியிருக்க மாட்டேன். பேச வேண்டிய அவசியமும் இல்ல, ட்ரை ஸ்கொயருக்கு யாரு மேலயும் பாசம் கிடையாது, பொய் சொல்லாதுன்னு அவனுக்கே தெரியும்.

நீங்க கேட்ட கேள்விக்கு என் பதில் மொத்தமும் இந்த ஒரு சீன்ல இருக்கு. சின்ன வெற்றி வேல செய்யணும்னா அது நாம குடுக்குறதா இருக்கக்கூடாது, அவன் கையால வந்ததா இருக்கணும், வந்துருச்சுன்னு அவன் கண்ணுக்கே தெரியணும்.

ஆல்பர்ட் பாண்டுரான்னு ஒரு உளவியல் பேராசிரியர், அமெரிக்காவுல ஸ்டான்போர்டுல இருந்தவரு, 1977ல இத ஒழுங்கா எழுதி வச்சாரு. "என்னால இது முடியும்"ங்கற நம்பிக்கை ஒரு மனுசனுக்கு எங்கருந்து வருதுன்னு நாலு வழி சொல்றாரு. தானே செஞ்சு முடிச்ச அனுபவம், நம்மள மாதிரி ஒருத்தன் செய்யறத பாக்குறது, அடுத்தவங்க சொல்ற ஊக்க வார்த்த, அப்புறம் நம்ம உடம்பு அந்த நேரத்துல எப்படி இருக்குங்கறது, அதாவது படபடப்பா நிதானமாங்கறது. இதுல ரொம்ப வலுவானது முதல் வழிதான்னு அவரே சொல்றாரு. நாம வீட்ல என்ன பண்றோம்? மூணாவத புடிச்சுக்கிட்டு "உன்னால முடியும்டா கண்ணா, நீ எப்பேர்ப்பட்ட பையன்"னு காலைல ஒரு தடவ ராத்திரி ஒரு தடவ. சொல்றது தப்பில்ல, ஆனா நாலு அரியர் ஷீட்ட கையில வச்சிருக்கறவன் காதுல அது ஏறாது, அம்மாவுக்கு என்ன தெரியும்னுதான் போகும்.

பாண்டுராவும் டேல் ஷங்க்னு ஒருத்தரும் சேந்து 1981ல வெளியிட்ட ஒரு ஆய்வு எனக்கு ரொம்பப் புடிக்கும், ஏன்னா எங்க ஷாப் பிளோர்ல நடக்கறத அப்படியே காகிதத்துல பாத்த மாதிரி இருக்கும். கழித்தல் கணக்கு சுத்தமா வராத, கணக்குன்னாலே ஓடுற சின்னப் பிள்ளைங்க. எல்லாருக்கும் அதே 42 பக்கப் பயிற்சி, ஏழு தடவையா உக்காந்து போடணும். ஒரு குழுகிட்ட "ஒவ்வொரு தடவையும் 6 பக்கம் முடிக்கப் பாரு"ன்னாங்க. இன்னொரு குழுகிட்ட "கடைசிக்குள்ள 42 பக்கம் முடிக்கணும்"னாங்க. வேறொரு குழுவுக்கு இலக்கே சொல்லல. கணக்குப் பாத்தா 6 பெருக்கல் 7ம் 42தான், வேல ஒண்ணுதான். ஆனா 6 பக்கக் குழு பிள்ளைங்கதான் கணக்க நல்லா கத்துக்கிட்டாங்க, தன்னால முடியும்ங்கற நம்பிக்கையும் ஏறுச்சு, அதவிட முக்கியம், கட்டாயப்படுத்தாமலே கணக்கு போட்டுப் பாக்குற ஆச வந்துச்சு. 42 பக்கக் குழுவுக்கும் இலக்கே இல்லாத குழுவுக்கும் பெருசா வித்தியாசம் இல்ல. உங்க பையனுக்கு இப்ப கண்ணு முன்னாடி நிக்கறது அந்த 42. "நாலு அரியரும் கிளியர் பண்ணி, டிகிரி வாங்கி, வேலைக்குப் போயி." இத தினமும் ஒருத்தரு ஞாபகப்படுத்துறாங்க வேற.

ஏன் இப்படி முடங்கிப் போறாங்கங்கறதுக்கு இன்னொரு பழைய ஆராய்ச்சி இருக்கு, கொஞ்சம் கொடுமையானது. 1967ல செலிக்மன், மேயர்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளருங்க நாய்ங்கள வச்சுப் பண்ணது. என்ன பண்ணாலும் நிறுத்த முடியாத ஷாக்க வாங்குன நாய்ங்க, அப்புறம் ஒரு சின்னத் தடுப்ப தாண்டுனா தப்பிக்கலாம்ங்கற எடத்துல விட்டாலும் நெறைய நாய்ங்க தாண்டல, படுத்து முனகிக்கிட்டே வாங்கிக்கிச்சு. "எதுவும் நம்ம கையில இல்லன்னு அதுங்க கத்துக்கிச்சு"ன்னு அப்ப சொன்னாங்க. சுவாரசியம் என்னன்னா கிட்டத்தட்ட 50 வருஷம் கழிச்சு 2016ல அதே ரெண்டு பேரும் மறுபடி எழுதி, நாங்க சொன்னது தலைகீழ்னு ஒத்துக்கிட்டாங்க. தொடர்ந்து அடி விழுந்தா சுருண்டு படுக்கறதுதான் மூளையோட இயல்பான நெலம, அத யாரும் கத்துக்கத் தேவையில்ல, "இது நம்ம கையில இருக்கு"ங்கறதத்தான் மூளை கத்துக்கணும்னு, மூளையில எந்தப் பகுதி அத பண்ணுதுங்கறது வரைக்கும் எலி ஆராய்ச்சிய வச்சு விளக்குனாங்க. அதனால பையன சோம்பேறின்னு மட்டும் சொல்லாதீங்கம்மா. அவன் சுருண்டு கெடக்கான். சுருண்டவனுக்குத் தேவ அட்வைஸ் இல்ல, நான் ஒண்ணு பண்ணேன் ஒண்ணு நடந்துச்சுங்கற சின்ன அனுபவம், அதுவும் ஒரு தடவ இல்ல, பல தடவ.

இப்ப என் தப்பு ஒண்ண சொல்லணும். சர்வீஸ்ல ஆரம்ப காலம், கவுன்சிலிங்ல புதுசா என்னமோ படிச்சுட்டு பாராட்டுனா பையன் மலந்துருவான்னு நெனச்சுக்கிட்டிருந்த நேரம். ரொம்ப வாடிப்போன ஒரு பையன், அவன் பண்ண ஜாப், அதான் பயிற்சிக்குச் செஞ்ச துண்டு, நல்லாவே இல்ல, ஒரு பக்கம் சரிஞ்சிருந்துச்சு, நான் அத எல்லாரு முன்னாடியும் தூக்கிக் காட்டி "சூப்பர்டா, பாத்தீங்களா இவன"ன்னேன். கிளாஸே கைதட்டுச்சு. சாயங்காலம் கூட்டிப் பெருக்கும்போது பாத்தா அந்த ஜாப் ஸ்கிராப் டப்பாவுல கெடக்கு. கேட்டதுக்கு "அது ஸ்கொயர் இல்ல சார், உங்களுக்கும் தெரியும்"னுட்டான். 17 வயசுப் பையன். இந்த வயசுப் பிள்ளைங்க பொய்ப் பாராட்ட மோப்பம் புடிச்சிரும், புடிச்சதும் அதுக்கு என்ன அர்த்தம் எடுத்துக்கும்னா, "இவ்வளவுதான் நம்மளால முடியும்னு இவரு முடிவு பண்ணிட்டாரு"ன்னு. மறுநாள் அவன்கிட்ட வேற ஒண்ணும் பேசல, அதே துண்ட எடுத்துக் குடுத்து "எந்தக் கோடியில வெளிச்சம் வருதுன்னு மட்டும் சொல்லு"ன்னேன். அங்கருந்துதான் அவனுக்கு ஆரம்பமாச்சு.

பாராட்டுன்னதும் இன்னொண்ணு, இது உங்க பையனுக்கு நேராவே பொருந்தும்னு நெனைக்கிறேன். கரோல் ட்வெக், கிளாடியா முல்லர்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளருங்க 1998ல வெளியிட்டது. அஞ்சாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு மொதல்ல சுலபமா ஒரு புதிர் குடுத்து, சில பேர "நீ புத்திசாலி"ன்னும் சில பேர "நல்லா உழைச்ச"ன்னும் பாராட்டுனாங்க. அப்புறம் வேணும்னே கஷ்டமான புதிர் குடுத்து எல்லாரையும் சறுக்க விட்டாங்க. அதுக்கப்புறம் மறுபடி சுலபமானது குடுத்தா, புத்திசாலின்னு பேரு வாங்குனவங்க முன்னாடி போட்டத விட மோசமா போட்டாங்க, உழைச்சன்னு பேரு வாங்குனவங்க முன்ன விட நல்லா போட்டாங்க. பத்தாவது வரைக்கும் ரேங்க் ஹோல்டர்னு ஊரு, தெரு, சொந்தம் பூரா சொல்லிச் சொல்லி வளந்த பையன், காலேஜ்ல முதல் செமஸ்டர்ல சறுக்குனதும் அவனுக்கு அது "இந்தப் பேப்பர் வரல"ன்னு தெரியல, "நான் அறிவாளியே இல்ல போல"ன்னு தெரிஞ்சிருக்கு. ரெண்டுக்கும் ரொம்ப தூரம்.

நம்ம ஊரு இத எப்பவும் புரிஞ்சுக்காம இருந்துச்சுன்னும் சொல்ல முடியாது. மாநில முதலிடம், ரெண்டாமிடம்னு பேரும் போட்டோவும் போட்டு அம்மா அப்பா லட்டு ஊட்டுற படம் பேப்பர்ல வரும் பாருங்க, 2017லருந்து தமிழ்நாட்டுல அந்த ரேங்க் அறிவிப்ப நிறுத்திட்டாங்க, நல்ல காரியம். சின்ன கிளாஸ்ல செயல்வழிக் கற்றல்னு ஒண்ணு வந்துச்சு ஞாபகம் இருக்கா, 2003ல சென்னை மாநகராட்சிப் பள்ளிக்கூடம் சிலதுல ஆரம்பிச்சு அப்புறம் 2007, 2008 வாக்குல மாநிலம் முழுக்கப் போனது. சுவத்துல ஏணிப் படம் மாட்டியிருக்கும், பிள்ளையே போயி தான் எந்தப் படியில இருக்கோம்னு பாத்து, அதுக்கான அட்டைய தானே எடுத்துட்டு வந்து பாயில உக்காந்து முடிக்கணும், முடிச்சா அடுத்த அட்டை. குறை சொன்னவங்களும் நெறைய, டீச்சருங்களுக்கு வேல இரட்டிப்புன்னு புலம்பல், அதுவும் நியாயம்தான். ஆனா என் தங்கச்சி மக ரெண்டாப்பு படிக்கும்போது "இன்னைக்கு மூணு அட்ட முடிச்சேன் மாமா"ன்னு சொல்லிக்கிட்டே செருப்ப கழட்டுவா. யாரு ஃபர்ஸ்ட்னு அவளுக்கு அக்கற இல்ல, நேத்து நின்ன எடம் எது இன்னைக்கு நிக்கற எடம் எதுன்னு தெரியும். பெரிய கிளாஸுக்கு வர வர அந்த ஏணிய நாம எடுத்துர்றோம், காலேஜ்ல சுத்தமா கெடையாது, ஆறு மாசத்துக்கு ஒரு ரிசல்ட், பாஸ் இல்லன்னா அரியர், நடுவுல ஒண்ணுமே இல்ல.

கேம் விஷயத்துக்கு வருவோம், நீங்க அதிகமா கோவப்பட்டு எழுதுனது இதத்தான். ஒரு நிமிஷம் அவன் எடத்துல உக்காந்து பாருங்க. மூணு நிமிஷத்துக்கு ஒரு சின்ன ஜெயிப்பு, லெவல் ஏறுது, தோத்தாலும் உடனே அடுத்த ரவுண்டு, யாரும் "பாத்தியா சொன்னேன்ல"ன்னு சொல்றதில்ல, கூட வெளையாடுறவன் "மச்சான் செம்ம"ங்கறான். ரிச்சர்ட் ரையன்னு ஒரு உளவியலாளரும் அவரு கூட்டாளிங்களும் 2006லயே கேம பத்தி ஆராய்ச்சி பண்ணி சொன்னாங்க, நமக்கு திறமை இருக்குங்கற உணர்வு, நம்ம இஷ்டத்துக்கு முடிவு எடுக்கறோம்ங்கற உணர்வு, நாலு பேரு கூட இருக்கோம்ங்கற உணர்வு, இது மூணும் கெடைக்கறதாலதான் இழுக்குதுன்னு. உங்க பையன் நாள் பூரா ஜெயிக்கற ஒரே எடம் அதுதான். அத மொதல்ல புடுங்குனா அவனுக்கு இருக்கற கடைசி எடத்தையும் புடுங்குறீங்க. ஆனா அந்த ஜெயிப்பு போன் ஸ்கிரீன தாண்டி வெளிய வரலங்கறதும் நெசம், போன கீழ வச்சதும் அதே ரூம், அதே அரியர். அதனால போன விட்டுட்டு மத்ததுக்குப் போங்க, மத்தது வளந்தா இது தானா கொறையும், நான் பாத்த வரைக்கும் அப்படித்தான். ராத்திரி ரெண்டு மணி மட்டும் பன்னெண்டாக்கப் பாருங்க, தூக்கம் கெட்டா எதுவுமே ஏறாது.

சரி வீட்ல என்ன பண்றது. வேல குடுங்க, ஆனா "சும்மா இருக்கியே இதையாவது பண்ணு"ன்னு குடுக்கற வேல இல்ல. வீட்டுக்கு நெசமாவே தேவப்படுற வேல, அவன் செய்யலன்னா நின்னு போற வேல. ஹவாய் பக்கம் கவாய்னு ஒரு தீவு, அங்க 1955ல பொறந்த 698 பிள்ளைங்கள எம்மி வெர்னர்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர் தன் குழுவோட சேந்து பல பத்து வருஷம் பின்தொடந்து பாத்தாங்க. வறுமை, வீட்ல சண்டை, குடி, இதுக்கு நடுவுல வளந்த பிள்ளைங்கள்ல மூணுல ஒரு பங்கு நல்லபடியா வந்துச்சு. அவங்களுக்கு ஆதரவா ஒரு பெரியவராவது இருந்தாங்க, அது ஒரு காரணம், கூடவே தம்பி தங்கச்சிய பாத்துக்கறது மாதிரி வீட்டுப் பொறுப்பு அவங்க தலையில இருந்துச்சுன்னும் வெர்னர் எழுதியிருக்காங்க. தன்னால ஒருத்தருக்கு ஆகுதுங்கறது சாதாரண விஷயம் இல்ல.

உங்க மாமியாருக்கு பிரஷர் மாத்திர, சுகர் மாத்திரன்னு எழுதியிருந்தீங்க. வாராவாரம் ஞாயித்துக்கெழம அந்த ஏழு நாள் டப்பாவுல மாத்திரய பிரிச்சுப் போடறத அவன்கிட்ட குடுங்க. மொத ரெண்டு வாரம் நீங்க அவனுக்குத் தெரியாம சரி பாத்துக்குங்க, ஆனா அவன் முன்னாடி பாக்காதீங்க. பத்து நிமிஷ வேல, முடிச்சதும் ஏழு மூடியும் டப் டப்புனு மூடும், கண்ணுக்குத் தெரியும். பாட்டி "யய்யா வெள்ளிக்கெழம மாத்திர எங்க"ன்னு அவனத்தான் கேப்பாங்க, உங்கள கேக்க மாட்டாங்க, அதுதான் வேணும். மிக்ஸி ஜார் லீக் ஆகுதா, வாஷர் மாத்தச் சொல்லுங்க, யூடியூப்ல பாத்துப் பண்ணட்டும், மொத தடவ தப்பா மாட்டி மறுபடி ஒழுகுனா ஒழுகட்டும், நீங்க கடைக்காரன கூப்புட்டுறாதீங்க. பாதியில நாம கையப் போட்டு முடிச்சுக் குடுத்தா அந்த வெற்றி நம்ம கணக்குல போயிரும். முடிச்சதும் பெருசா விழா எடுக்காதீங்க, "இப்ப ஒழுகல பாரு, வாஷர தலகீழா போட்டதா அப்ப பிரச்சன?"ன்னு கேளுங்க. என்ன பண்ணான்னு அவன் வாயால வரட்டும், அது போதும். அவங்க அப்பாகிட்டயும் சொல்லி வைங்க, "மிக்ஸி ரிப்பேர் பாத்தா டிகிரி வந்துருமா"ன்னு ஒரு குத்தல் போட்டாருன்னா மூணு வாரம் பண்ணது ஒரே நிமிஷத்துல போயிரும், நம்ம வீடுகள்ல இது அப்பாமாரோட தேசிய விளையாட்டு.

படிப்புக்கும் இதேதான். நாலு அரியரையும் ஒரே நேரத்துல தொட வேணாம். நாலுல எதுல பாஸ் மார்க்குக்கு கொஞ்சத்துல போச்சோ அத எடுங்க, கஷ்டமானத மொதல்ல முடிச்சுருவோம்னு வீரம் பேச வேணாம். அந்தப் பேப்பர்லயும் ஒரு யூனிட், அந்த யூனிட்ல பழைய கொஸ்டின் பேப்பர்ல திரும்பத் திரும்ப வர்ற ஒரு கணக்கு. ஒரு நாளைக்கு அந்த ஒண்ணு, புக்க மூடி வச்சுட்டு வெள்ளப் பேப்பர்ல போட்டு, விடைய ஒப்பிட்டுப் பாத்து டிக் போடறது. விடை சரியா தப்பாங்கறதுதான் இங்க ட்ரை ஸ்கொயர். "ரெண்டு மணி நேரம் படிச்சேன்"ங்கறது கணக்குல வராது, அதுல வெளிச்சம் ஒழுகுதா இல்லையான்னு யாருக்குத் தெரியும். அளவு எப்படி வைக்கணும்னா, ரொம்ப சுலபமா இருந்தா அவனுக்கு அவமானம், ரொம்ப கஷ்டமா இருந்தா பழைய கத, பத்துக்கு ஏழு எட்டு தடவ வந்துரும் ஆனா கொஞ்சம் வேர்க்கும்ங்கற அளவு, இது ஆராய்ச்சி இல்ல என் ஷாப் பிளோர் கணக்கு.

மனசு சரியாகட்டும் அப்புறம் எதுவானாலும் ஆரம்பிக்கட்டும்னு காத்திருக்காதீங்க. ஆரன் பெக்னு மனநல டாக்டரு, மனச்சோர்வு சிகிச்சையில பெரிய பேரு, அவரு தன்கிட்ட வர்றவங்கள நாள் பூரா என்ன செஞ்சாங்கன்னு மணிவாரியா எழுதச் சொல்லி, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல அது எவ்வளவு புடிச்சுது, அதுல எவ்வளவு சாதிச்ச மாதிரி இருந்துச்சுன்னு ரெண்டு மார்க் போடச் சொல்லுவாரு. "நான் ஒண்ணுமே பண்ணல டாக்டர்"னு வர்றவங்க கையிலயே அந்தச் சீட்டு இருக்கும், குளிச்சது, கடைக்குப் போனது, போன் பில் கட்டுனதுன்னு. மனசு கெட்டுப்போயிருக்கும்போது பண்ணது எதுவும் கண்ணுல படாது, அதான் எழுதறது. உங்க பையன் ஒத்துக்கிட்டா ஒரு பழைய டைரி போதும், ஒத்துக்கலன்னா வற்புறுத்தாதீங்க.

இன்னொண்ணையும் தெளிவா சொல்லிர்றேன். இதெல்லாம் வாடிப் போன பிள்ளைக்கு. நோய் புடிச்ச பிள்ளைக்கு இது மட்டும் பத்தாது. ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கமும் சாப்பாடும் தொடர்ந்து கெட்டுப் போயிருக்கு, கேம் கூட புடிக்கல, குளிக்கல, காரணமில்லாம அழுவான், தனக்குப் புடிச்ச சாமானத்த எடுத்து ஃபிரண்டுக்குக் குடுக்கறான், "நான் இல்லன்னா உங்களுக்கு நிம்மதி"ங்கற மாதிரி ஒரு வார்த்த வருதுன்னா அன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க, மாத்திர டப்பாவெல்லாம் அப்ப அவன் கைக்கு எட்டுற எடத்துல வைக்காதீங்க. டெலிமானஸ்னு மத்திய அரசோட இலவச மனநல உதவி நம்பர் 14416, 2022லருந்து இருக்கு, ராத்திரி பகல் எப்ப வேணா கூப்புடலாம், தமிழ்லயே பேசுவாங்க. தமிழ்நாட்டுல 104ம் இருக்கு. நீங்களும் கூப்புட்டு பேசலாம், பிள்ளைதான் பேசணும்னு இல்ல. "உனக்கு சாகணும்னு தோணுதா"ன்னு நேராவே கேளுங்க, கேட்டா அந்த எண்ணத்த நாமளே வெதச்சுருவோமோன்னு பயப்பட வேணாம், அப்படி ஆகாது.

அந்த ஸ்கிராப் டப்பா பையன பத்தி முடிக்காம விட்டுட்டேன். ஒரேயடியா மாறிடல அவன், நடுவுல ஒரு மாசம் வரவே இல்ல, நான் வீட்டுக்குப் போயி கூட்டிட்டு வந்தேன். ரெண்டாவது வருஷம் ஆண் பெண் பிட்டிங்னு ஒரு ஜாப் இருக்கு, ரெண்டு துண்டு ஒண்ணுக்குள்ள ஒண்ணு இடுக்கு தெரியாம ஏறி உக்காரணும். அவன் பண்ணத டேபிள்ல என் முன்னாடி வச்சான், சொருகி, எடுத்து, திருப்பிப் போட்டு மறுபடி சொருகிக் காட்டுனான். அப்புறம் "வெளிச்சத்துல பாத்துட்டேன் சார், நீங்க பாக்க வேணாம்"னான்.

உங்க பையனுக்கு எந்தப் பிராஞ்ச், நாலுல எது எது அரியர், எதுல எத்தன மார்க்ல போச்சுன்னு எழுதுங்க. கணக்குப் பேப்பரா இருந்தா எந்த யூனிட்ல ஆரம்பிக்கலாம்னு நான் சொல்றேன்.